பாதிக்கப்பட்டோர் ஆணையர் வழக்கை மறுபடி திறப்பாரா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் ‘பாதிக்கப்பட்டோர் ஆணையருக்கு’ ஒரு கடிதம் எழுதினால் போதும், காவல்துறை முடித்துவைத்த வழக்கை அவர் மறுபடி திறக்கச் செய்வார், இழப்பீடும் பெற்றுத் தருவார் என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. இது தவறு.

2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2010இல் லூயிஸ் கேசி முதலாவதாக வகித்த இப்பதவி, அரசுக்கு ஆலோசனை கூறுவதற்கும் பாதிக்கப்பட்டோருக்கான நடைமுறை விதிகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதைக் கண்காணிப்பதற்கும் உரியது. அச்சட்டத்தின் 51ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு பாதிக்கப்பட்டவர், குறிப்பிட்ட ஒரு வழக்கு, நீதிபதியின் செயல் ஆகிய எதிலும் ஆணையர் தலையிடலாகாது என்று வெளிப்படையாகவே தடுத்தது. 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவும் பொதுக்கொள்கையைத் தொடும் வழக்குகளுக்கு மட்டுமே இத்தடையைத் தளர்த்த முனைந்தது.

அதற்காக இது வெறும் அலங்காரப் பதவி என்றும் சொல்லிவிட முடியாது. ஆணையரின் ஆண்டறிக்கைப் பரிந்துரைகளுக்கு உரிய அமைப்புகள் 56 நாள்களுக்குள் பதில் அளிக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியுள்ளது.

வழக்குத் தொடர வேண்டாம் என்ற முடிவை எதிர்ப்பவர்கள், அம்முடிவை எடுத்த காவல்துறையிடமோ அரசு வழக்குத் துறையிடமோதான் மறுபரிசீலனை கோர வேண்டும். வன்முறைக் காயங்களுக்கான இழப்பீட்டை வழங்குவது குற்றக் காயங்கள் இழப்பீட்டு ஆணையம். அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, ஆனால் பொதுவாக 2 ஆண்டுக் கெடு உண்டு. ஆணையரின் பதிலுக்காகக் காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிடுவதே இவ்வதந்தியால் நேரக்கூடிய உண்மையான நட்டம்.