மடிக்கணினியையும் வழியில் சார்ஜ் செய்யலாம்

குன்னூரிலிருந்து கோவை விமான நிலையம் வழியாக அடிக்கடி வெளியூர் செல்வோர் ஸ்டீம் டெக் போன்ற கையடக்க விளையாட்டுக் கணினியைத்தான் வாங்க வேண்டும், மடிக்கணினியைப் பவர் பேங்க் கொண்டு சார்ஜ் செய்யவே முடியாது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. டைப்-சி வழியே 'பவர் டெலிவரி' என்னும் அதிக வாட் தரும் முறையில் மின்னேற்றம் ஏற்கும் மடிக்கணினிகள் இன்று ஏராளமாக உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு 65 வாட் வெளியீடு தரும் பவர் பேங்க் போதும்.

பவர் பேங்கின் மேல் 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பது உள்ளிருக்கும் மின்கலத்தின் ஏறத்தாழ 3.7 வோல்ட் அழுத்தத்தை வைத்துச் சொல்லப்படும் கணக்கு என்பதால், அதன் உண்மையான கொள்ளளவு, அதாவது சேமிக்கும் மின்னாற்றல், 74 வாட் மணி ஆகும். அதில் ஒரு பகுதி வெப்பமாக வீணானாலும், 50 வாட் மணி பேட்டரி கொண்ட மடிக்கணினியை அது ஏறக்குறைய ஒருமுறை நிரப்பிவிடும். ஓலெட் திரையுள்ள ஸ்டீம் டெக்கின் பேட்டரியும் அதே 50 வாட் மணிதான் என்பதை அவர் கவனிக்கவில்லை போலும். விமானத்தில் 100 வாட் மணி வரையிலான பவர் பேங்கைக் கைப்பையில் கொண்டு செல்லலாம். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

தனி கிராஃபிக்ஸ் அட்டையும் 200 வாட்டுக்கு மேற்பட்ட அடாப்டரும் உள்ள கனத்த மடிக்கணினிகளுக்கு மட்டும் அவர் கூற்று ஓரளவு பொருந்தும். சுமார் 640 கிராம் என்ற எடை கையடக்கக் கருவியின் மெய்யான சிறப்பு. ஆனால் தோட்டக் கணக்கையோ நீண்ட அறிக்கையையோ 7.4 அங்குலத் திரையில், விசைப்பலகை இன்றித் தட்டச்சு செய்வது வீண் வேலை. ஊட்டி அருகேயுள்ள தலைக்குந்தாவில் உறைபனி விழும் காலையில், இரண்டில் எதையும் அறைச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் செய்யுங்கள்; லித்தியம் மின்கலத்தைச் சுழியம் டிகிரி செல்சியசுக்குக் கீழ் மின்னேற்றினால் அது கெடும்.