ஒத்தக்கடையில எத்தனை கடை?

மாட்டுத்தாவணியில மேலூர் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுத் தம்பி வெளியூர். "அண்ணே, மாடு எதுக்குண்ணே தாவணி கட்டுது?"ன்னு கேட்டான். முன் சீட்டு அக்கா வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க.

அவன் மேல தப்பில்லை. மாடுகளை வரிசையாப் பிணைக்கிற நீளக் கயித்துக்குத் தாவணின்னு பேர். அப்படிக் கட்டி விக்கிற சந்தையும் தாவணிதான். அங்க 1999ல பஸ் ஸ்டாண்டு வந்துச்சு. போர்டுல எம்.ஜி.ஆர். பேர் இருக்கு. ஆனா மதுரையில எந்த ஆட்டோக்காரரும் மாட்டுத்தாவணின்னுதான் சொல்வார்.

அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள "ஒத்தக்கடை எறங்கு"ன்னு விசில் அடிச்சாச்சு. யானைமலை அடிவாரத்துல ஒத்தையா ஒரு கடை இருந்த காலத்துப் பேர். இப்ப அந்த ரோட்டுல கடை இல்லாத இடத்தைத்தான் தேடணும். காளவாசல்ல சூளை இல்லை, சிக்னலும் பாலமும் இருக்கு. மூன்றுமாவடியில அந்த மூணு மாமரத்தைத் தேடாதீங்க. ஆனா சித்திரைக்கு அழகர் வரும்போது எதிர்சேவை அங்கதான்.

இதெல்லாம் யாரோ யாருக்கோ வழி சொல்லும்போது விழுந்த பேர். மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குள்ள பிரியற இடத்தையே பாருங்க. எங்க தெக்கத்திப் பக்கம் அது 'விலக்கு'. கோயம்புத்தூர்ப் பக்கம் 'பிரிவு'. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் 'கூட்ரோடு'. சில ஊர்ல வழிகாட்டிப் பலகையை வெச்சே 'கைகாட்டி'. ஒரே முக்குதான்!

இதையெல்லாம் பட்டிக்காட்டுப் பேர்னு நினைச்சு மாத்துறவங்க மேலதான் எனக்குக் கோவம். கண்மாய் ஓரமாப் பிளாட் போட்டு 'கார்டன் சிட்டி'ன்னு ஆர்ச் வெச்சுடுறாங்க. ஏந்தல்னா சின்னக் கண்மாய். மடைன்னா தண்ணி பாயற வழி. கடச்சனேந்தல் மாதிரி ஒரு பேரைக் கேட்டாலே மனை வாங்குறவன் ஒரு ஐப்பசி மழையில போய் நின்னு பார்த்துட்டு வருவான். கார்டன் சிட்டின்னா எப்படிப் பார்ப்பான்? முழங்கால் தண்ணி வந்தப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்பான்.

அதுக்காக எல்லாப் பழைய பேரையும் கட்டி அழணும்னு சொல்லலை. ஒரு சாதியைக் குத்திக்காட்டவே ஒட்டிக்கிட்ட பேர் போகட்டும். 2025 ஏப்ரல்ல 'காலனி'ங்கிற சொல்லை நீக்கப்போறோம்னு சட்டசபையில அறிவிச்சப்ப எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பேரால இன்டர்வியூல கூசிப்போனவன் என் கூடப் படிச்சவன். ஆனா மாமரமும் கடையும் யாரை என்ன பண்ணுச்சு?

போன மாசம் ஊருக்குப் போனேன். எங்க விலக்குல "புளியமரம் எறங்கு, புளியமரம்"னு கண்டக்டர் கத்தினார். நாலு வழிச்சாலைக்காக அந்த மரத்தை வெட்டிப் பதினாறு, பதினேழு வருஷம் ஆச்சு. கண்டக்டருக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், அவர் திருச்சிக்காரர் வேற.