ஃப்ளைஷரின் அந்த இரண்டு விரல்கள்

காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டிருந்தார். கை முடங்கிப்போன பியானோ கலைஞர் ஒருவர் முப்பது வருஷம் விடாமல் போராடி மறுபடி மேடை ஏறினாராம், உன்னாலும் முடியுமாம். கீழே மலை, சூரியன், பறவைகள். பெயர் இல்லை என்றாலும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. லியோன் ஃப்ளைஷர். பெரியப்பாவிடம் மல்லுக்கு நிற்க முடியாது. ஒரு கைகூப்பைப் போட்டுவிட்டு இங்கே வந்து புலம்புகிறேன்.

அந்தக் கையைக் கெடுத்ததில் பெரிய பங்கு விடாமுயற்சிக்குத்தான் பெரியப்பா!

1928-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தொப்பிக்காரரின் மகனாகப் பிறந்தவர். நாலு வயதில் பியானோ. பத்து வயதில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் பெரும் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெலிடம் பாடம். ஷ்னாபெலின் குரு லெஷெட்டிட்ஸ்கி, அவருடைய குரு செர்னி, செர்னியின் குரு பீத்தோவன். சிஷ்ய பரம்பரைப் பெருமை நமக்கு மட்டும் சொந்தமில்லை. 16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் வாசித்தார். 1952-ல் பிரஸ்ஸல்ஸ் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. அதை வென்ற முதல் அமெரிக்கர் இவர். அப்புறம் ஜார்ஜ் ஸெல் நடத்திய கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவோடு பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்கள், அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்புகள். அந்தப் பதிவுகளை இன்றைக்குப் போட்டாலும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

முப்பத்தாறு வயதில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளங்கைப் பக்கம் சுருள ஆரம்பித்தன. ஸெல்லோடு சோவியத் பயணம் வேறு காத்திருந்தது. மனுஷன் என்ன செய்தார்? இன்னும் அதிகமாகச் சாதகம் செய்தார். நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் விரல்களை வதைத்ததைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே வருத்தத்தோடு பேசியிருக்கிறார். பயணம் போச்சு, மேடையும் போச்சு.

இதற்குப் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா. எலும்பிலோ தசையிலோ கோளாறு இல்லை, விரலுக்கு மூளை அனுப்பும் உத்தரவு குழம்பிவிடுகிறது. நுணுக்கமான ஒரே அசைவை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு வருவதுண்டு. இவருக்கு வந்தது இதுதான் என்று தெரியவே 1990-கள் ஆகிவிட்டது. அதுவரை எத்தனையோ வைத்தியம். நடுவில் தாடி வளர்த்தார், ஸ்கூட்டர் வாங்கினார், மணவாழ்க்கை முறிந்தது, செத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஃபார்வர்டில் இதெல்லாம் வராது, சூரியன் படத்துக்குப் பொருந்தாதே.

அந்த முப்பது வருஷத்தை ஏதோ பாழாய்ப்போன காலம் மாதிரி சொல்வதுதான் எனக்கு ஆகவில்லை. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் என்ற வியன்னா பியானோ கலைஞர், குடும்பப் பணத்தைக் கொட்டி, இடது கைக்கு மட்டும் என்று பெரிய பெரிய ஆட்களிடம் எழுதி வாங்கியிருந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கான்செர்ட்டோ அப்படி வந்ததுதான். ஃப்ளைஷர் அதைக் கையில் எடுத்தார்.

அது ஒரு கை வாசிப்பது என்று தெரியாமலே நான் பல முறை கேட்டிருக்கிறேன். தெரிந்த அன்று சாப்பாட்டு மேஜையில் இடது கையை விரித்து வைத்துப் பார்த்தேன். கட்டை விரல் வலப்பக்கம், அதாவது மேல் ஸ்வரங்களின் பக்கம் விழுகிறது. மெட்டைக் கட்டை விரல் எடுத்துக்கொள்ள, மற்ற நாலும் கீழே ஓடி அடிநாதத்தைத் தட்டிவிட்டு வரும். அது அணையாமல் பெடல் பிடித்துக்கொள்ளும். நம் காது இரண்டு கை என்று நம்பிவிடும்.

பால்டிமோரின் பீபடி இசைப்பள்ளியில் அறுபது வருஷம் சொல்லிக்கொடுத்தார். வலது கையால் வாசித்துக் காட்ட முடியாது, எல்லாவற்றையும் வாயால் விளக்கியாக வேண்டும். அதனாலேயே நல்ல ஆசிரியர் ஆனேன் என்பது அவர் கட்சி. ஆந்த்ரே வாட்ஸ், ஜொனாதன் பிஸ் மாதிரியான பியானோ கலைஞர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள்தான்.

1982-ல் பால்டிமோரில் புது அரங்கத் திறப்பு விழாவில் இரண்டு கையாலும் வாசித்தார். ஊரே கொண்டாடியது. ஆனால் கை சரியாகியிருக்கவில்லை, திரும்ப இடது கைக்கே போனார். கடைசியில் கை கொடுத்தது போடாக்ஸ். ஆமாம், நடிகர்கள் நெற்றிச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்ளும் அதே ஊசி. இறுகிய தசையைத் தளர்த்தும், சில மாதங்களில் வீரியம் போய்விடும், மறுபடி போட வேண்டும். நோய் குணமாகவில்லை, ஒரு மாதிரி சமாளித்தார், அவ்வளவுதான். 2020-ல் 92 வயதில் போய்ச் சேரும்வரை கதை அதுதான்.

ஃபார்வர்ட் கொண்டாடும் மறுவருகைக்கு அடையாளமாக, இரண்டு கையாலும் வாசித்த ஆல்பம் வந்தது 2004-ல். அதே வருஷம் டிசம்பரில் பெர்லினில் இன்னொன்று நடந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டெமித்திடம் 1923-ல் எழுதி வாங்கிய இடது கைப் படைப்பு ஒன்று விட்கென்ஸ்டைனுக்குப் பிடிக்காமல், வாசிக்கவும் படாமல், வீட்டிலேயே முடங்கிக் கிடந்தது. அவர் மனைவி காலமான பிறகு 2002-ல்தான் வெளியே வந்தது. பெர்லின் ஃபில்ஹார்மானிக்குடன் அதை உலகில் முதன்முதலாக வாசித்தவர் ஃப்ளைஷர், 76 வயதில், இடது கையால் மட்டும்.