ஆளே இல்லை என்று சொல்லாதீர்கள்

முதுகலை மாணவர்களுக்கான அரசு உதவித்தொகைகள் குறித்து நடந்த அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பற்றி நான் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். நண்பர்கள் பலர் எழுதிவிட்டார்கள். அந்த ஓய்வுபெற்ற அதிகாரி என்ன சொன்னார் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால், "அரசு பணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, வாங்கத்தான் தகுதியான ஆள் இல்லை" என்ற அவருடைய அந்த ஒரு வாக்கியத்தை, நான் மதிக்கிற சிலரே "உண்மைதானே" என்று சேர்த்துப் பகிர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு, பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஆள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களோடு உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களை நிரப்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆள் இருக்கிறார்கள். முதுகலைப் படிப்புக்கான அரசு உதவித்தொகைகளில் இடங்கள் காலியாகப் போவதற்குத் தகுதிக் குறைவே காரணம் என்று சொல்பவர்கள், விண்ணப்பம் என்கிற அந்த முதல் வாசற்படியைக்கூட மிதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தகுதியை எடைபோடும் கட்டம் வருவதற்கு முன்பே எத்தனையோ பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அவர்களை நிறுத்துவது மதிப்பெண் அல்ல. வீட்டில் முன்பணம் இருக்கிறதா, அலுவலக நடைமுறை தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்பதுதான்.

விவாதத்தில் பேசப்பட்ட தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு பணம் தரும் இந்தத் திட்டம் 1954-55 முதல் நடக்கிறது. இவ்வளவு பெரிய நாட்டில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு, மீதமுள்ள பத்து சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வயது 35-க்குள், மதிப்பெண் குறைந்தது 60 விழுக்காடு. பல ஆண்டுகளில் எல்லா இடங்களும் நிரம்பவில்லை என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் விண்ணப்பிக்கவே முடியும் என்பதை அந்த அதிகாரி சொன்னாரா? அந்தக் கடிதம் சும்மா வருமா? ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், சான்றிதழ்களை முத்திரையிட்ட உறையில் அனுப்பும் செலவு. இவற்றுக்குப் பிறகு, "இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கட்டுங்கள், பணவசதிக்கு ஆதாரம் காட்டுங்கள்" என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. பணம் இல்லாதவருக்காகத் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் பணம் வேண்டும். இதைக் கடக்க முடியாமல் நின்றவரைத் தகுதியற்றவர் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சரி, அயல்நாடு வேண்டாம், உள்நாட்டுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுகலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதங்கள், 10,000 பேருக்கு. நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் பல்கலைக்கழகத் தர வரிசையில் இடம்பிடித்தவள், கொத்தனாரின் மகள். பத்தாம் வகுப்பிலிருந்து இளங்கலை வரை எல்லாச் சான்றிதழ்களிலும் நம் எல்லோரையும் போல அவளுக்கும் ஓர் இனிஷியல், பிறகு பெயர். ஆதாரிலோ அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து, அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும் விண்ணப்ப இணையதளத்துக்கு நம் ஊரில் பெயர் எழுதும் முறை புரியாது. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. சான்றிதழில் பெயரை மாற்றுவதென்றால் அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டும். ஆதாரில் மாற்றுவதற்கு ஆதார் மையத்தில் வரிசையில் நின்று, கைரேகை பதியாமல் திரும்பி, மறுபடியும் நின்றாள். மாற்றம் வந்து சேர்ந்தபோது வருமானச் சான்றிதழின் ஓராண்டுக் காலம் முடிந்திருந்தது. மறுபடி இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு ஏற வேண்டும். அது ஏறி முடிவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது.

"இப்போது எல்லாமே ஆன்லைன், வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம்" என்று யாராவது கட்டாயம் எழுதுவார்கள். எந்த வீட்டிலிருந்து என்று அவர்கள் யோசிக்க வேண்டும். உதவித்தொகை இணையதளத்தில் செய்ய வேண்டிய ஒருமுறைப் பதிவுக்கு ஆதார் வேண்டும், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் வேண்டும், முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் செயலி ஓடக்கூடிய கைப்பேசி வேண்டும். அந்த எண் வேலைக்காகத் திருப்பூர் போன அண்ணனிடம் இருக்கும், ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் ஷிப்ட் முடிந்து பார்ப்பதற்குள் நேரம் கடந்திருக்கும். பணம் கிடைத்துவிட்டது என்று இணையதளம் காட்டும், கணக்கில் பைசா இருக்காது. விசாரித்தால், எப்போதோ திறந்து மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருப்பதால் பணம் அங்கே போயிருக்கும், அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் திரும்பியும் போயிருக்கும். இதைக் கண்டுபிடித்துச் சொல்ல எங்கள் கல்லூரியைப் போன்ற இடங்களில் தனியாக ஓர் ஆள் கிடையாது. ஆசிரியர்களில் யாருக்காவது மனமிருந்தால் செய்வோம்.

"மக்கள் வரிப்பணம், சரிபார்க்காமல் கொடுத்துவிட முடியுமா?" என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் சாதிச் சான்றிதழைத் தந்தது அரசு, வருமானச் சான்றிதழைத் தந்தது அரசு, மதிப்பெண் பட்டியலைத் தந்தது அரசுப் பல்கலைக்கழகம், ஆதாரும் அரசுடையது. அரசின் ஓர் அலுவலகம் கொடுத்ததை அரசின் இன்னோர் அலுவலகத்துக்கு மெய்ப்பிக்க, இருபத்தோரு வயதுப் பிள்ளை ஏன் கூலியை இழந்த அப்பாவோடு அலைய வேண்டும்? அவர்களுக்குள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள என்ன தடை? போலிகள் புகுந்துவிடும் என்கிறீர்கள். இமாச்சலப் பிரதேசத்தில் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த பெரிய உதவித்தொகை மோசடியில் வழக்கு யார் மேல் பாய்ந்தது என்று தேடிப் பாருங்கள். கல்வி நிறுவனம் நடத்தியவர்கள் மேலும் அதற்குத் துணைபோன அலுவலர்கள் மேலும்தான். மாணவர்களின் பெயரில் திருடியவர்களுக்காக மாணவர்களையே சந்தேகிப்பது எந்த ஊர் நியாயம்?

"நான் கடன் வாங்கித்தான் படித்தேன், யாரிடமும் கை நீட்டவில்லை" என்று ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். வங்கி உங்களை நம்பிக் கடன் கொடுத்தது, ஈடு வைக்க உங்கள் வீட்டில் ஏதோ இருந்தது, நல்லது. கை நீட்டுவது என்ற அந்தச் சொல்லுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது எனக்குப் பழைய சொல். நான் எம்.ஏ. படித்த கல்லூரியில் அலுவலக உதவியாளர் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்து, "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க" என்பார். நாங்கள் எழுந்து நிற்போம். மற்றவர்கள் உட்கார்ந்தபடி எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் தன் நீண்ட பேரேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்து, யார் எந்தப் படிவத்தைத் தரவில்லை, யாருக்கு எவ்வளவு நிலுவை என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்வார். பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் சாக்பீஸோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அரசு தர வேண்டிய பணம் தாமதமானதற்கு நிலுவைக்காரர்கள் என்று நின்றது நாங்கள். ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொண்டதும் எங்களுடையதைத்தான். படிப்பை முடித்து வெகுநாள் கழித்துப் பணம் வந்தது. அதுவரை என் மூலச் சான்றிதழ்கள் அந்த அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருந்தன. மூலச் சான்றிதழ் கேட்ட நேர்காணல் ஒன்றுக்கு வெறும் நகலோடு போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். இது கை நீட்டியவன் கதையா?

பழைய காலம் என்று தள்ளிவிடாதீர்கள். 2025-ல் அதே அயல்நாட்டு உதவித்தொகைக்கு 106 பேர் தேர்வானார்கள்; முதலில் கடிதம் கிடைத்தது 40 பேருக்கு மட்டும். மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். தகுதியான ஆள் கிடைத்த பிறகு நடந்தது இது. பணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தவர் யார், கடிதத்துக்காகக் காத்திருந்தவர் யார் என்று அந்த அதிகாரிதான் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் உதவித்தொகை என்றாலே அண்ணல் அம்பேத்கரின் பெயரைச் சொல்லி மாலை போடுகிறார்கள். 1913-ல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனவர் அவர். அந்த மனிதரே 1917-ல் உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேற வேண்டியிருந்தது. சம்பாதித்துச் சேர்த்து, 1920-ல் திரும்பப் போய்த்தான் முடித்தார். அப்போது அவரைப் பார்த்தும் யாராவது, கொடுத்தும் படிக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள். 1916-ல் அவர் கொலம்பியாவில் வாசித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது. இன்று அதே கொலம்பியாவுக்குப் போய் அதே பொருளில் ஆய்வு செய்ய ஒரு மாணவர் விரும்பினால், 2022-ல் மாற்றிய விதிகளின்படி இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த படிப்புக்கு இந்த அயல்நாட்டு உதவித்தொகையில் இடமில்லை. அவர் படித்ததைப் படிக்க அவருடைய மக்களுக்கே பணம் கிடையாது. எனக்குக் கோபம் வருகிறது என்று நீங்கள் சொன்னால், ஆமாம், வருகிறது.

"அப்படியானால் நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்பீர்கள். சேர்க்கைக் கடிதம் வாங்கும் செலவை முன்கூட்டியே கொடுங்கள், அல்லது தேர்ந்தெடுத்த பிறகு கடிதம் வாங்க அவகாசம் கொடுங்கள். சான்றிதழை அரசே அரசிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். படிப்பு முடிவதற்குள் பணத்தைக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். எவருடைய மதிப்பெண் வரம்பையும் தளர்த்தச் சொல்லவில்லை.

அந்தக் கொத்தனாரின் மகள் முதுகலையில் சேர்ந்தாள், முதல் ஆண்டோடு நிறுத்திவிட்டாள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவளுடைய விண்ணப்பம் கடைசிவரை ஏற்றுக்கொள்ளப்படாததால், அந்த ஆண்டின் அரசுக் கணக்கில் அவள் விண்ணப்பித்தவளாகவே இருக்க மாட்டாள். ஆளே இல்லை என்று அந்த அதிகாரி சொன்னபோது அவர் கையில் இருந்தது அந்தக் கணக்குதான். அந்த விவாதத்தின் காணொளியை எனக்குத் தயவுசெய்து மறுபடியும் அனுப்பாதீர்கள். முழுவதும் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.