சம்பளமில்லாத தண்ணி லாரி

சனிக்கிழமை பொங்கல் விழா மேடையில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லா வாட்ஸாப் குழுவிலும் சுற்றிவிட்டது. "நம்ம ஆளு ஒருத்தர் சம்பளமே இல்லாம தண்ணி லாரி ஓட்டுறார்" என்று நிகழ்ச்சி நடத்திய அண்ணன் சொன்னதும் அரங்கமே சிரித்ததே, ஊரகத் தீயணைப்புப் படையில் தன்னார்வலனாக இருக்கும் அந்த ஆள் நான்தான். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஊரகத் தீயணைப்புப் படை பொழுதுபோக்குச் சங்கம் இல்லை. இந்த மாநிலத்தின் நிலப்பரப்பில் சுமார் 95 சதவீதம் அதன் பொறுப்பில் இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் 70,000 பேருக்கு மேல் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சிட்னிக்குள் இருக்கிறவர்களுக்குச் சம்பளம் வாங்கும் வீரர்கள் சிவப்பு வண்டியில் வருவார்கள். நகரம் முடிந்து யூகலிப்டஸ் காடு தொடங்குகிற இடத்தில் முதலில் வருவது பக்கத்துத் தெருக்காரர்தான். நாங்கள் வராவிட்டால் எங்களுக்குப் பின்னால் வேறு யாரும் தயாராக நிற்கவில்லை. சிரித்தவர்களுக்கு இது தெரியாது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சிட்னியின் வடமேற்கு ஓரம், ஹாக்ஸ்பரி பக்கம் வீடு வாங்கி வந்த புதிது. 2019 அக்டோபர் கடைசியில் வொல்லமை தேசியப் பூங்காவில் மின்னல் விழுந்து கிளம்பிய கோஸ்பர்ஸ் மலைத் தீ, ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றது. இங்கே டிசம்பர்தான் கோடை; அந்த மாதம் ஒரு நாள் மதியமே வானம் செம்மண் நிறமாகி, கருகிய இலைகள் கொடியில் காய்ந்த துணிமேல் விழுந்துகொண்டிருந்தன. தோட்டத்துக் குழாயைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மஞ்சள் சட்டையில் ஒரு அம்மா உள்ளே வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், எங்கள் தெருவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடியைத் தூக்கி எறிந்தார், விறகை அப்புறப்படுத்தினார், கூரை ஓரத் தகரக் கால்வாயில் கிடந்த சருகை அள்ளச் சொன்னார். நெருப்பு வருவதற்கு முன்னால் பொறி வரும், பெரும்பாலான வீடுகளை எரிப்பது பொறிதான் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பொழுது சாயும்போது அவரிடம் கேட்டேன், இதற்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. மேடையில் கேட்ட சிரிப்பு எனக்கு அந்தக் கேள்வியைத்தான் ஞாபகப்படுத்தியது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறதோ என்னவோ.

'அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கட்டுமே' என்பார்கள். சரி, நியாயம்தான். அந்தக் கோடையில் பத்து நாளுக்கு மேல் களத்தில் நின்ற, சொந்தத் தொழிலிலோ சிறு, நடுத்தர நிறுவனத்திலோ இருந்தவர்களுக்கு நாளுக்கு 300 டாலர் வரை, அதிகபட்சம் 6,000 டாலர் என்று அறிவித்தார்கள். அதையும் போராடித்தான் வாங்கவேண்டியிருந்தது. ஆனால் இருநூறு வீடு உள்ள ஒவ்வொரு ஊருக்கும் வருடம் முழுக்கச் சம்பளப் படை எங்கிருந்து வரும்? அது வரும் வரைக்கும் எரியட்டும் என்று விட்டுவிடவா?

'வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறான்' என்று குழுவில் எழுதியவருக்கு என்னிடம் பதில் இல்லை. எரிந்தால் என் வீடும்தான் எரியும்.

'குடும்பம் இருக்கிறதே' என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. 2019 டிசம்பர் 19 அன்று பக்ஸ்டன் அருகே மரம் விழுந்து வண்டி கவிழ்ந்து இறந்த தன்னார்வ வீரர்கள் இரண்டு பேரும் ஹார்ஸ்லி பார்க் படைப்பிரிவு. நம்மில் பலர் குடியிருக்கும் மேற்கு சிட்னிதான் அது. இருவருமே கைக்குழந்தைகளின் அப்பாக்கள். அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பயிற்சியில் முதலில் மனதில் ஏறியதும் அதுதான்: தீ வண்டியைச் சூழ்ந்துவிட்டால் ஜன்னல்களின் வெப்பத் தடுப்புத் திரைகளை இறக்கு, வண்டியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பைத் திற, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே குனி. தொட்டியில் அதற்கென்று கொஞ்சம் தண்ணீரை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும், என்ன அவசரமானாலும் அதைத் தொடக்கூடாது. இருட்டில், கையுறையோடு, கத்திக்கொண்டே இதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறோம். தண்ணி லாரியாம்.

மீதி நாட்களில் செய்வது அழுக்கு வேலை. அணைந்த காட்டில் அடிமரம் அடிமரமாகப் போய், புறங்கையை மண்ணருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்த்து, கொத்திக் கிளறி, நனைத்து, மறுபடி கொத்துவோம். அதைப் படமெடுத்து யாரும் போடுவதில்லை.

ஊரில் இருந்திருந்தால் செய்திருப்பாயா என்று கேட்டார் இன்னொருவர். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் வைக்கோல் படப்பு தீப்பிடித்த ராத்திரி எனக்கு ஒன்பது வயது. கண்மாயிலிருந்து குடம் கைமாறிக் கைமாறி வந்தது. அப்பா ஈரச் சாக்கை வைத்து அடித்து அடித்து, பக்கத்துக் குடிசைக்குத் தாவாமல் நிறுத்தினார். அந்தக் குடிசைக்காரரோடு அவருக்கு வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தையே கிடையாது. அப்பாவின் முன்கையில் அன்று தீப்பட்டு ரோமம் முளைக்காமல் போன இடத்தைக் கடைசிவரை பார்த்திருக்கிறேன். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தபோது சாம்பல்தான் மிச்சம். அன்று அப்பாவைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் ஊர் சும்மா விட்டிருக்காது, ஆனால் இங்கே முந்நூறு பேர் கைதட்டினார்கள், என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள், நான் மேடையேறி வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன். அதை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை.

அண்ணனை மன்னிப்பு கேட்கச் சொல்லி யாரும் அவருக்குப் போன் செய்யவேண்டாம். அவர் வீடும் காட்டோரம்தான், நீச்சல் குளமும் இருக்கிறது. அண்ணே, தண்ணீர் இருப்பதைக் காட்டும் தகட்டை வாசல் கேட்டில் மாட்டிவிடுங்கள், படையில் கேட்டால் விவரம் சொல்வார்கள். இந்தக் கோடையில் எங்கள் வண்டி வந்தால் கேட்டைத் திறந்து, காரை ஓரமாக எடுத்துவிடுங்கள். குளம் எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டினால் போதும்.