தெருமுனை ஃபார்மசி வேறு, எஸ்.பி.யு.பி. வேறு

அண்ணா, "நைஜீரியாவில் பக்கத்துக் கடை ஃபார்மசியிலேயே எச்.ஐ.வி. மருந்து வாங்குகிறார்கள், எல்லாருக்கும் திருப்தி, மலேசியாவில் நம்ம பினாங்கிலும் எஸ்.பி.யு.பி. (அரசின் மருந்து வழங்கும் ஏற்பாடு) இருக்கிறது, இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டீர்கள்.

நைஜீரியாவில் கடைக்கு அனுப்புவது வைரஸ் கட்டுக்குள் இருக்கிற, மருந்தை ஒழுங்காகப் போடுகிறவர்களைத்தான். அவர்களுக்கும் வைரஸ் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. கடை பிடித்துப்போகக் காரணம் வரிசை குறைவு, தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடுமோ என்ற பயம் குறைவு, அவ்வளவுதான். திருப்தி என்றால் வைரஸ் குறைந்தது என்று அர்த்தமில்லை.

எஸ்.பி.யு.பி. என்பது டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தில் மீதி மாதங்களுக்கானதை வீட்டுக்குப் பக்கத்து அரசு கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் அப்படியேதான் இருக்கும்.

பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம் கேட்கக்கூடாதென்று உள்ளே பஞ்சைத் திணித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு, அடுத்த அப்பாயிண்ட்மெண்டை விட்டுவிடலாமா என்று நேற்று என்னிடம் கேட்கிறார். கொஞ்சம் திருத்திவிடுங்கள், சரியா?