மூடிய கார்டை அடிக்க ஒரு டர்னாவது விடுங்கள்

நீளமான பதிவு. மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுபவர்களுக்கு நேரடியாகப் புரியும். அதே மாதிரி இன்னொரு கார்டு விளையாட்டான யூகியோ ஆடியவர்களுக்குப் பாதி புரியும். இரண்டும் தெரியாதவர்களுக்காக நடுநடுவே விளக்கம் வைத்திருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கார்டைக் கவிழ்த்து வைத்து ஆடும் முறையைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் "சஸ்பென்ஸ்தான் அதில் சுவை" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சஸ்பென்ஸ்தான் வேண்டுமென்றால் எதிராளியின் கையில் இருக்கும் கார்டுகளே போதும், அவற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மேசையில் கவிழ்த்து வைத்த கார்டு வேறு சாதி. அது என்னவென்று தெரியாது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. திறப்பதற்கு முன்பே அதை அடித்து நொறுக்கலாம். இந்த அபாயம் வைத்தவனுக்கு இருக்கும்வரைதான் அந்த ஆட்டம் ஆட்டம். அண்மைக்கால வடிவமைப்பாளர்கள் இந்த அபாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.

முதலில் மார்ஃப், மேஜிக்கில் கார்டைக் கவிழ்த்துப் போட உதவும் சக்தி. 2002 அக்டோபரில் வந்த ஆன்ஸ்லாட் தொகுப்பில் அறிமுகமானது. அதற்கு முன்பும் கவிழ்த்து வைக்கும் கார்டு உண்டு. 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே இல்யூஷனரி மாஸ்க் இருந்தது. ஆனால் அதை விதிப்படி எப்படி நடத்துவது என்பது பல வருடத் தலைவலி. மார்ஃப் வந்த பிறகுதான் மூடிய கார்டுக்கு ஒழுங்கான சட்டம் கிடைத்தது. சட்டம் எளிது: மார்ஃப் உள்ள எந்தக் கார்டையும் 3 மானா (கார்டு போடக் கொடுக்கும் விலை) கொடுத்துக் கவிழ்த்துப் போடலாம். கவிழ்ந்து கிடக்கும்வரை அது 2/2. அதாவது இரண்டு அடி அடிக்கும், இரண்டு அடி வாங்கினால் சாகும். பெயர் கிடையாது, நிறம் கிடையாது, வேறு எந்தச் சக்தியும் கிடையாது. பிறகு, கார்டில் எழுதியிருக்கும் மார்ஃப் விலையைக் கொடுத்து வேண்டும்போது புரட்டிக்கொள்ளலாம்.

இதில் ரொம்பப் பேர் கவனிக்காத ஒரு நுணுக்கம்: புரட்டுவது ஸ்டாக்குக்குப் போகாது, அதாவது நடக்கக் காத்திருக்கும் வரிசையில் நிற்காது. மேஜிக்கில் பெரும்பாலும் நீங்கள் எதைச் செய்தாலும் எதிராளி "இரு, அதற்கு முன்னால் நான் ஒன்று செய்கிறேன்" என்று குறுக்கே வரலாம். புரட்டுவதற்கு மட்டும் வர முடியாது. விலையைக் கொடுத்தாயா, திரும்பியாயிற்று. ஏன் இப்படி? குறுக்கே வர விட்டால், நீங்கள் புரட்டப் போகிறேன் என்று சொன்ன நொடியிலேயே ஷாக் மாதிரி ஒரு மானா கார்டால் இரண்டு அடி கொடுத்து அந்த 2/2-வைத் தீர்த்துவிடுவார்கள். அப்புறம் யார் மார்ஃப் ஆடுவார்கள்? இப்போதோ நிலைமை தலைகீழ். எதிராளி ஷாக் போடுகிறான், அது இன்னும் நடந்து முடியவில்லை, நீங்கள் புரட்டுகிறீர்கள், 2/2 இருந்த இடத்தில் 4/5 நிற்கிறது. ஷாக் போனது போனதுதான்.

இதைவிடக் கொடூரமானது வில்பெண்டர். 2003-இல் லீஜன்ஸ் தொகுப்பில் வந்தது. புரட்ட இரண்டே மானா. புரட்டியதும், ஒரே ஒரு குறி மட்டும் உள்ள மந்திரத்தின் குறியை மாற்றிவிடும். அதாவது, அந்த மூடிய கார்டைக் கொல்ல நீங்கள் போட்ட ஷாக்கே திரும்பி வந்து உங்கள் கிரியேச்சரை (மோதும் உயிரினக் கார்டை) கொல்லும். புரட்டுவதற்குக் குறுக்கே வர முடியாது என்றேனே, புரட்டியதால் எழும் இந்த விளைவு மட்டும் ஸ்டாக்குக்குப் போகும், அதற்கு நீங்கள் பதில் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் பதில் சொல்லக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

அப்படியானால் மூடிய கார்டை எப்போது அடிப்பது? வைத்தவனிடம் மானா இல்லாதபோது. மூன்றாவது டர்னில், மானா தரும் லேண்ட் கார்டுகள் மூன்றையும் சாய்த்து மார்ஃப் போடுகிறான். அந்தக் கணத்தில் அவன் கை கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் அடுத்த டர்னில் ஒரு ஷாக் போட்டால் உள்ளே தேவதை இருந்தாலும் சாகும், எலிக்குட்டி இருந்தாலும் சாகும். ஆனால் எலிக்குட்டிக்காக நல்ல ஷாக்கை வீணாக்கலாமா? மார்ஃப் ஆட்டத்தின் மொத்த உயிரும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸால்டட் ஏஞ்சல் சாட்சி. நேராக வரவழைத்தால் 6 மானா. மூன்றாவது டர்னில் கவிழ்த்துப் போட்டு நாலாவது டர்னில் 4 மானாவுக்குப் புரட்டினால், பறக்கும் 4/5 அந்த டர்னிலேயே அடிக்கும், அடித்த அளவுக்கு அவனுக்கு உயிரும் ஏறும். அந்தக் காலத்து வெள்ளை டெக்குகளுக்கு எதிரில் மூன்றாவது டர்னில் ஒரு மூடிய கார்டு விழுந்தாலே பாதிப் பேருக்கு வியர்த்திருக்கும்.

ஆன்ஸ்லாட்டில் ஒரு குறையும் இருந்தது. பேட்டரிங் கிராக்ஹார்ன் என்ற சாதாரணக் கார்டைப் பாருங்கள். 3 மானாவுக்குப் புரட்டலாம். 3/1, ஆனால் முதலில் அடிக்கும் சக்தி உண்டு. நாலாவது டர்னில் நீங்கள் உங்கள் 2/2-வை வைத்து அவனுடைய 2/2-வைத் தடுக்கிறீர்கள், அவன் புரட்டுகிறான், உங்களது சாகிறது, அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள்ளேயே இப்படி நடந்தால், எந்தத் தடுப்பும் சூதாட்டம் ஆகிவிடும். தொகுப்பின் கார்டுகள் எல்லாம் மனப்பாடமாக இருப்பவனுக்குத்தான் அங்கே பிழைப்பு.

2014 செப்டம்பரில் கான்ஸ் ஆஃப் டார்கிர் வந்தபோது இதைச் சரிசெய்தார்கள். என் கணக்கில் மூடிய கார்டு வரலாற்றிலேயே இதுதான் அழகான வேலை. வடிவமைப்பாளர்கள் ஒரு வரம்பு வைத்தார்கள்: 5 மானாவுக்குக் குறைவாகப் புரட்டக்கூடிய எந்தக் கார்டும், எதிரே நிற்கும் மூடிய 2/2-வை மோதலில் கொன்றுவிட்டுத் தானும் உயிரோடு நிற்கக் கூடாது. கார்டுகளை எடுத்துப் பார்த்தால் இது எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது என்று தெரியும். கேன்யன் லர்க்கர்ஸ், 4 மானாவுக்குப் புரளும், 5/2. எதிரியைக் கொல்லும், ஆனால் இரண்டு அடி வாங்கித் தானும் சாகும். மொனாஸ்டரி ஃப்ளாக், ஒரே நீல மானாவுக்குப் புரளும், 0/5. சாகாது, ஆனால் எதையும் கொல்லவும் செய்யாது. அப்ஸான் கைட், 4/4, கொன்றுவிட்டு நிற்கும், கூடவே உயிரும் ஏற்றும். அதற்கு விலை 5 மானா, அதுவும் வெள்ளை, கறுப்பு, பச்சை மூன்றும் வேண்டும்.

இதன் பலன் என்ன? எதிராளியிடம் நாலு லேண்ட் இருக்கும்வரை தைரியமாக மோதலாம். மோசமாகப் போனால் ஒன்றுக்கு ஒன்று சாகும், அவ்வளவுதான். ஐந்தாவது லேண்ட் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டும். நிறங்களைப் பார்க்க வேண்டும். அவனிடம் பச்சையே இல்லையென்றால் அப்ஸான் கைட் கிடையாது. ஐந்து லேண்டை விரித்து வைத்துக்கொண்டு வேறு எதுவும் போடாமல் மூடிய கார்டோடு பாய்கிறான் என்றால், ஒன்று உள்ளே பெரிய சரக்கு இருக்கிறது, இல்லையென்றால் சும்மா உருட்டுகிறான். முதல் நாள் ஆட வந்தவனுக்குக்கூட "ஐந்து லேண்ட் வரை பயப்படாதே" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ரகசியம் அப்படியே இருக்கிறது, ஆனால் அது எப்போது கடிக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

சரி, கவிழ்த்துப் போட்டவன் பொய் சொன்னால்? மார்ஃபே இல்லாத கார்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு கமுக்கமாக இருந்தால்? யாழ்ப்பாணத்தில் 304 என்ற சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு இந்தச் சந்தேகம் பழக்கமானதுதான். அங்கே துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடும்போது, கேட்ட இனம் கையில் இல்லாதவர் தன் கார்டையும் கவிழ்த்துத்தான் போடுவார். அதை எடுத்துப் பார்த்து "துரும்பு இல்லை" என்று சொல்லும் உரிமை துரும்பு வைத்தவருக்கு மட்டும். அவர் சொல்வதை நம்பித்தான் ஆட்டம் நகரும். மேஜிக்கில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. மூடிய கார்டு செத்தாலோ, கைக்குத் திரும்பினாலோ, எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மேசையில் மிச்சமிருக்கும் எல்லா மூடிய கார்டையும் திருப்பிக் காட்ட வேண்டும், தோற்றவன் "விடு, முடிந்துவிட்டதே" என்று கார்டுகளை வாரிச் சுருட்டக் கூடாது. இரண்டு மூன்று மூடிய கார்டுகள் இருந்தால் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று தெளிவாக அடுக்கி வைக்க வேண்டும். இடம் மாற்றிக் குழப்பக் கூடாது. பின்பக்கம் தேய்ந்த ஸ்லீவ் (கார்டு உறை) போட்டு ஆடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து மாற்றுங்கள், முதுகைப் பார்த்தே முகத்தைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

2015-இன் மேனிஃபெஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெக்கின் மேல் கார்டு அப்படியே கவிழ்ந்து 2/2 ஆகிறது. கிரியேச்சராக இருந்தால் அதன் மானா விலைக்குப் புரட்டலாம், லேண்டாக இருந்தால் பெரும்பாலும் கடைசிவரை 2/2-தான். லாட்டரிச் சீட்டு. ஒரு வேடிக்கை மட்டும் உண்டு: எதிராளி பாயும்போது தன் மூடிய கார்டை எடுத்து இரண்டாம் தடவை பார்ப்பவனைக் கவனியுங்கள். பெரும்பாலும் உள்ளே லேண்டுதான் இருக்கும். நல்ல கார்டு வைத்திருப்பவனுக்கு அது மறப்பதில்லை.

இப்போது என் குறைக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் மர்டர்ஸ் அட் கார்லோவ் மேனர் தொகுப்பில் டிஸ்கைஸ் வந்தது. அச்சாக மார்ஃப்தான், அதே 3 மானா, அதே 2/2. ஒரே ஒரு சேர்க்கை: கவிழ்ந்திருக்கும்போது வார்டு 2. அதாவது எதிராளி அதைக் குறிவைத்தால் கூடுதலாக 2 மானா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அவன் போட்டது வீண். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள். மூன்றாவது டர்னில் அவன் மானா தீர்ந்து நிற்கிறான். ஷாக்குக்கு 1, வார்டுக்கு 2, ஆக அந்த டர்னில் என் மூன்று மானாவும் காலி. எலிக்குட்டியோ தேவதையோ தெரியாத ஒன்றுக்கு ஒரு முழு டர்னைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால் யாரும் அடிப்பதில்லை, காத்திருக்கிறார்கள், அவன் நிதானமாகப் புரட்டுகிறான். "அடிக்கலாமா, விடலாமா" என்று தவிக்க வைத்த அந்தக் கேள்வியே அடிபட்டுப் போயிற்று.

மறுபக்க நியாயமும் எனக்குத் தெரியும். இன்றைய மேஜிக்கில் 3 மானாவுக்கு வெறும் 2/2 என்பது படு மட்டம். கவசம் எதுவும் இல்லாமல் விட்டிருந்தால் யாரும் கவிழ்த்தே போட்டிருக்க மாட்டார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு வேறு வழி இல்லையா? விலையை 2 மானா ஆக்கியிருக்கலாம், புரட்டும்போது கிடைக்கும் பலனைக் கூட்டியிருக்கலாம். முகமூடிக்கே இரும்புச் சட்டை போட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

யூகியோவிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. அங்கே டிராப் (பொறி) கார்டைக் கவிழ்த்து வைத்த டர்னிலேயே திறக்க முடியாது. எதிராளிக்கு அதை உடைக்க ஒரு வாய்ப்பு விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மிரர் ஃபோர்ஸ் என்ற டிராப் நான் தாக்கும்போதுதான் வெடிக்கும். தாக்குவதற்கு முன்பே மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூன் என்ற கார்டால் அதைத் தகர்த்துவிட்டால் அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான். கவிழ்த்து வைக்கச் செலவே இல்லை என்பதால் ஒன்றுக்கும் ஆகாத ஸ்பெல் கார்டை வைத்துப் பயமுறுத்துவார்கள், என் டைஃபூனை அதில் வீணடிக்க வைப்பார்கள். அருமையான ஆட்டம். 2017-இல் வந்த ஆஷ் பிளாஸம் போன்ற ஹேண்ட் டிராப்கள் இன்று அந்த வேலையைக் கையிலிருந்தே செய்கின்றன. வைக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், என் டர்ன் நடுவிலேயே கையிலிருந்து வீசி என் கார்டின் வேலையை நிறுத்திவிடலாம். மேசையில் எதுவும் இல்லையே, நான் எதை உடைப்பது? வேகமான டெக்குகளைத் தடுக்க வேறு வழியில்லை என்பார்கள். வேகத்தை ஏற்றிவிட்டதும் அதே கம்பெனிதானே.

மார்ஃப் ஆடிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கான்ஸ் தொகுப்பையே சொல்வேன். மேஜிக்கைக் கணினியில் ஆடும் அரீனாவில் 2023 டிசம்பர் முதல் அது இருக்கிறது. காகிதத்தில் ஆடுவதென்றால் காமன் (எளிதில் கிடைக்கும் சாதாரண) கார்டுகளே போதும், மேலே சொன்ன லர்க்கர்ஸ், ஃப்ளாக் எல்லாம் அந்த வகைதான். ஸ்லீவ் மட்டும் இரண்டு பேரும் புதிதாகப் போடுங்கள்.